மக்கிங் சரளைமேடு: ஓர் அகழாய்வின் ஆண்டுக் குறிப்புகள்

1959, கோடைக்காலம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், தேம்ஸ் ஆறு கடலை நெருங்கி அகன்று ஓடும் இடத்தின் வடகரையில், மக்கிங் என்னும் சிற்றூரையொட்டி ஆற்றைப் பார்த்தபடி ஒரு சரளைமேடு உள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கென்னத் செயின்ட் ஜோசப் இவ்வாண்டு அதன்மேல் விமானத்தில் பறந்து எடுத்த நிழற்படங்களில், தானியப் பயிரின் நிறவேறுபாட்டால் வட்டங்களும் நீள்கோடுகளும் சதுரங்களும் ஒன்றையொன்று வெட்டிச்செல்வது தெரிகிறது. பயிர்த்தடம் எனப்படும் இக்குறியின் காரணம் எளியது: என்றோ தோண்டப்பட்டுப் பின் தூர்ந்துபோன அகழியில் நிரம்பிய மண், சுற்றியுள்ள சரளையைவிட ஈரத்தை நெடுநாள் பிடித்துவைப்பதால், மழை பொய்த்த கோடையில் அதன்மேல் நிற்கும் பயிர் மட்டும் உயர்ந்து வளர்ந்து, மற்றவை பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும். தரையில் நடப்பவர் கண்ணுக்குச் சிறிதும் புலப்படாத பல்லாயிரம் ஆண்டுக் குடியிருப்பு, இவ்வாறு ஒரு வறண்ட பருவத்தில் வானிலிருந்து பார்த்தவருக்குத் தன்னைக் காட்டிக்கொண்டது.

1965

அந்த மேட்டின் சரளை, கட்டுமானப் பணிகளுக்காக வெட்டியெடுக்கப்படவிருப்பதால் அகழாய்வு தொடங்குகிறது. பொறுப்பேற்றவர் மார்கரெட் ஜோன்ஸ். அவருடைய கணவர் டாம் ஜோன்ஸ் உடன் பணியாற்றுகிறார். இத்தகைய பணிக்கு மீட்பு அகழாய்வு என்று பெயர். ஓர் இடத்தை ஆய்வாளர் தாமே தேர்ந்து, தம் கேள்விக்கு விடை தேடித் தோண்டுவது ஒருவகை. அழியப்போகும் இடத்தை அழிவுக்கு முன்னதாகத் தோண்டிப் பதிவுசெய்வது இவ்வகை. இங்குக் காலத்தையும் பரப்பையும் தீர்மானிப்பது குவாரியின் இயந்திரமேயன்றி ஆய்வாளரின் விருப்பமன்று.

வேலைமுறையும் அதற்கேற்பவே அமைகிறது. இயந்திரம் மேல்மண்ணை வழித்தெடுத்ததும் வெளிறிய சரளை வெளிப்படுகிறது. மனிதக் கை படாத இந்த இயற்கைப் படிவை அகழாய்வாளர் கன்னிமண் என்பர். அதன்மேல் கருத்தும் பழுப்பேறியும் தெரியும் ஒவ்வொரு கறையும் ஒரு குழியாகவோ அகழியாகவோ கம்பம் நட்ட இடமாகவோ இருக்கக்கூடும் என்பதால், அவற்றை வரைபடத்தில் குறித்து, கொத்துக்கரண்டியால் பாதியளவு வெட்டி, மண்ணடுக்குகளை வரைந்து, கிடைத்த ஓடுகளைப் பையிலிட்டு எண்ணிட வேண்டும். அதற்குள் அடுத்த பகுதியின் மேல்மண் நீக்கப்பட்டுவிடும்.

1968

முதல் இடைக்கால அறிக்கை வெளிவருகிறது. ஒரு சிறு பகுதியைத் தோண்டியதுமே, இது ஒரே காலத்தின் ஊரன்று என்பது உறுதியாகிவிட்டது. வெண்கலக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த வட்ட அகழிக் காப்பிடம், இரும்புக் காலத்து வட்டவீடுகள், ரோமானியர் கால வயல் எல்லைகளும் பானைச் சூளைகளும், ரோமானிய ஆட்சி ஓய்ந்தபின் வடகடலைக் கடந்து வந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் குடியிருப்பு ஆகிய அனைத்தும் இந்த ஒரே மேட்டில் உள்ளன. மேட்டு நிலத்தில் மண்ணடுக்குகள் உயர்ந்து படியாததாலும், பிற்காலத்து உழவு மேற்பரப்பை அரித்துவிட்டதாலும், முற்காலமும் பிற்காலமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. எது எதற்கு முந்தியது என்பதை ஓர் அகழி மற்றோர் அகழியை வெட்டிச்செல்லும் இடங்களைக் கொண்டும், உள்ளே கிடக்கும் பானையோடுகளைக் கொண்டுமே அறியமுடிகிறது.

1970களின் தொடக்கம், குளிர்காலம்

கோடையில் மட்டும் தோண்டி மழைக்கு மூடிவைக்கும் வழக்கம் இங்கில்லை. குவாரி நிற்காததால் அகழாய்வும் நிற்பதில்லை. ஊதியத்துக்கு வருவோர் சிலரே. மாணவரும் தன்னார்வலருமாக ஆயிரக்கணக்கானோர் இத்தளத்தில் ஆண்டுதோறும் மாறிமாறி உழைத்தனர். பிற்காலத்தில் பிரித்தானியத் தொல்லியலில் பணியாற்றிய பலருக்கு மக்கிங்கின் சரளையே பயிற்சிக்கூடமாக அமைந்தது.

இடுகாடுகளைத் திறக்கும்போது இச்சரளையின் இயல்பு துயரமளிக்கிறது. அமிலத்தன்மை கொண்ட மண் எலும்பைக் கரைத்துவிடுவதால், பல குழிகளில் மனித உடல் ஒரு கருநிறக் கறையாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. தலை இருந்த இடமும் மடங்கிய காலின் வளைவும் மண்ணின் நிறத்தில்தான் தெரிகின்றன. அக்கறையைச் சிதைக்காமல் வெளிக்கொணர மிகுந்த பொறுமை வேண்டும். இரு ஆங்கிலோ-சாக்சன் இடுகாடுகளிலும் சேர்த்து, புதைத்தவையும் எரித்துத் தாழியில் இட்டவையுமாக 800க்கும் மேற்பட்ட ஈமங்கள் பதிவாயின. 117ஆம் எண் கல்லறையில் கிடைத்த இடைவார்க் கொக்கித் தொகுதி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பிற்கால ரோமானியப் படைவீரரும் அலுவலரும் அணிந்த வார்களின் மரபில் அது அமைந்திருப்பதால், அதனுடன் புதைக்கப்பட்டவர் ரோமானிய ஒழுங்கின் கடைசிக் காலத்தோடு தொடர்புடையவரா, அதன் அடையாளத்தை மட்டும் அணிந்த புதியவரா என்ற விவாதம் எழுந்தது.

குடியிருப்புப் பகுதியில் அதிகம் கிடைத்தவை பள்ளக்குடில்கள். நீள்சதுரமாக ஆழமற்ற பள்ளம் தோண்டி, இரு முனைகளிலும் கம்பம் நட்டு, அவற்றின்மேல் முகட்டுவளை தாங்கிய கூரையமைத்தால் அது பள்ளக்குடில். இவ்வகையில் 203 குடில்களும், தரைமட்டத்தில் கம்பங்கள் நட்டுக் கட்டிய 53 பெரிய வீடுகளும் மக்கிங்கில் கண்டறியப்பட்டன. சில பள்ளங்களில் தறியின் பாவுநூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் சுடுமண் வளையங்கள் கிடைத்தன. குடில்களிற் சிலவாவது நெசவுக்கூடங்களாக இருந்திருக்க வேண்டும்.

1978

பதின்மூன்று ஆண்டுப் பணி முடிவுக்கு வருகிறது. தோண்டிய பரப்பு சுமார் 18 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 45 ஏக்கர். பதிவான குழிகளும் அகழிகளும் பிற தடங்களும் 44,000க்கு மேல். கிடைத்த பொருள்கள் 17 லட்சத்துக்கு மேல். இந்தப் பெருக்கமே பின்னர் மார்கரெட் ஜோன்ஸ் மீது வைக்கப்பட்ட குறைக்கும் காரணமாயிற்று. சிறிதளவு தோண்டி உடனுக்குடன் அறிக்கை எழுதியிருக்கலாம், எழுதமுடியாத அளவுக்குத் தோண்டியது தவறு என்று கூறியவர்கள் உண்டு. ஆனால் குவாரியின் முன் நின்றவருக்கு இருந்த தெரிவு, தோண்டுவதற்கும் இழப்பதற்கும் இடைப்பட்டது மட்டுமே. எழுதாத அறிக்கையைப் பிறர் எழுதலாம். லாரியில் ஏறிப்போன அகழியை எவரும் மீண்டும் தோண்டமுடியாது. அவர் தேர்ந்தது சரியான வழியே என்று துணிந்து கூறலாம்.

பரப்பைத் திறந்ததன் பயனும் பெரிது. ஒரு வீட்டைச் சுற்றி மட்டும் குழிபோடும் ஆய்வில் வீடு கிடைக்கும். அதன் வயல், கிணறு, இடுகாடு, அவற்றுக்கிடையே சென்ற வழி ஆகியவை கிடைப்பதில்லை. மக்கிங்கில் ஓர் ஊரின் முழு நிலமும் ஒருசேரக் கண்ணுக்கு வந்தது.

1993

ஹெலினா ஹேமரோவின் நூல் ஆங்கிலோ-சாக்சன் குடியிருப்பை விளக்குகிறது. இருநூற்றுக்கும் மேற்பட்ட குடில்களின் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு மக்கிங் ஒரு பேரூராகத் தோன்றும். பானையோடுகளின் வகையையும் அவை பரவிய முறையையும் ஆராய்ந்த அவர், அனைத்துக் குடில்களும் ஒரே காலத்தில் நின்றவையல்ல என்றும், ஐந்தாம் நூற்றாண்டில் மேட்டின் தென்பகுதியில் தொடங்கிய குடியிருப்பு, பழைய வீடுகள் இற்றுப்போகப்போகப் புதிய வீடுகளை வேறிடத்தில் கட்டிக்கொண்டு, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வடக்கு நோக்கி மெல்ல இடம்பெயர்ந்தது என்றும் காட்டினார். குறுகிய குழிகளில் இந்த நகர்வு ஒருபோதும் புலப்பட்டிருக்காது.

2009 முதல் 2016 வரை

இடுகாடுகளைப் பற்றிய நூல் 2009இலும், வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தைப் பற்றிய நூல் 2015இலும், ரோமானியர் காலத்தைப் பற்றிய நூல் 2016இலும் வெளியாயின. 2001இல் காலமான மார்கரெட் ஜோன்ஸ் இவற்றைக் காணவில்லை. எனினும் இம்மூன்றும் அவருடைய குழுவினரின் குறிப்பேடுகளையும் வரைபடங்களையும் நிழற்படங்களையும் அடித்தளமாகக் கொண்டவை. இரும்புக் காலத்து வீடுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை என்று கணக்கிட முடிந்தது, கூரையிலிருந்து வடியும் நீரைக் கடத்தச் சுற்றிலும் தோண்டிய வட்ட வாய்க்கால்களை அவர்கள் விடாமல் வரைந்துவைத்ததாலேயே.

இதற்கிடையில் இங்கிலாந்தின் நடைமுறையும் மாறிவிட்டது. 1990இல் வந்த திட்டமிடல் வழிகாட்டுதலுக்குப் பின், நிலத்தை வெட்டுவோரே அகழாய்வுக்கும் அறிக்கைக்கும் பணம் தரவேண்டும் என்பது பொதுவான ஏற்பாடாயிற்று. மக்கிங்கில் தோண்டியவர்களுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளே இன்றும் கைகொடுக்கின்றன. ரோமானியர் கால உழவர் வெட்டிய எல்லை அகழிகள், சாக்சன் மக்கள் வந்தபோது முற்றிலும் தூர்ந்துவிட்டனவா, புதியவர்களும் அவற்றை எல்லையாக மதித்தார்களா என்ற கேள்வி இன்றும் விவாதிக்கப்படுகிறது. அந்த அகழிகளின் மேலடுக்கில் கிடைத்த சாக்சன் ஓடுகளும், அவற்றின் அளவும் ஆழமும் குறித்த தளப்பதிவுகளுமே அதற்குச் சான்று.