ஈடாவும் யாமும்

ஜெர்மனி தேசத்து மெஸ்ஸல் சுரங்கத்திலே 1983-ஆம் ஆண்டில் ஒரு சிறு பிராணியின் உடல் கல்லாய்க் கிடைத்தது. வயதோ 4 கோடியே 70 லட்சம் ஆண்டு. எலும்பு மட்டுமன்று, உரோமத்தின் சாயலும், அது இறுதியாய் உண்ட இலையும் கனியுங்கூடப் பதிந்திருந்தன. 2009-இல் 'ஈடா' என்னும் பெயருடன் அது வெளிப்பட்டபோது, மனிதகுலத்தின் மூதாதை அகப்பட்டதெனப் பத்திரிகைகள் முழங்கின. யாமும் நம்பி, பிரமன் முகத்திற் பிறந்தோர் கதை பேசும் நண்பரொருவரிடம் மார்தட்டினோம்.

அவ்வாண்டு அக்டோபரிலேயே, எகிப்தின் ஃபயூம் பாலைநிலத்திற் கிடைத்த பற்களையும் தாடைகளையும் ஒப்பிட்ட அறிஞர், ஈடா நம் கிளையன்று, லெமூர் கிளைக்கே அண்மையதென்றனர். வெட்கந்தான். எனினும் நண்பரிடம் சென்று பிழையை ஒப்பினோம்.

"அப்படியாயின் பிரமன்தானே?" என நகைத்தார்.

"உமது கதையைத் திருத்த எந்தப் பல் வரவேண்டும், ஐயா?" என்றோம்.

அவர் தேநீர் வருவித்தார்.