கால் ஆடிய மேசை

தில்லியில் மைய அரசுக் குடியிருப்புகளில் வாழ்வோரிடம் ஒரு வழக்கம் உண்டு. பணிமாற்ற ஆணை வந்ததும் வீட்டிலுள்ள கட்டில், மேசை, அலமாரி ஆகியவற்றுள் பாதியை விற்றுவிடுவர்; போகும் ஊரில் வேறு எவரோ விற்றுச் சென்றவற்றை வாங்கிக்கொள்வர். அமர் காலனியின் பழைய மரச்சாமான் கடைகளில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கப்பட்டிருப்பதைத் தில்லியில் வாழும் நீங்கள் கண்டிருக்கலாம். அவற்றுள் சில இவ்வாறு வீடு விட்டு வீடு மாறி வந்தவையே.

அத்தகைய கடையொன்றிலிருந்து, ஒரு மே மாதத்தில், இராமகிருஷ்ணபுரத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு எழுதுமேசை ஒன்று வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காகத் தந்தை அதனை 1,200 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். அதன் பழுப்புப் பூச்சு ஆங்காங்கே உரிந்திருந்தது. ஒரு கால் ஆடியது. தாய் மேசையை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். "எப்படியும் இரண்டு மூன்று ஆண்டுகளில் விட்டுவிட்டுப் போகப்போகும் பொருள். துடைத்துப் பயன்படுத்தினால் போதாதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் மகள் அதற்குள் ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டாள். பழுப்புக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே கரும்பொன் நிறத்தில் மரம்.

அவளுடைய தாத்தா அம்பாசமுத்திரத்தில் தச்சுத் தொழில் செய்தவர். "உளி பிடித்த பிழைப்பு என்னோடு போகட்டும்" என்று சொல்லி மகனைப் படிக்க வைத்தவர். ஆகவே, அன்றிரவு பேத்தி தொலைபேசியில் மேசையைப் பற்றிச் சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "இதற்காகவா உன் அப்பனைப் படிக்க வைத்தேன்?" என்றார். சற்றுக் கழித்து, "சரி, என்ன மரம்?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. இழுப்பறையைக் கழற்றி அதன் அடிப்புறத்தைப் பார்க்கச் சொன்னார் தாத்தா. பூச்சு படாத இடத்தில்தான் மரம் தன்னைக் காட்டும். நிறம் என்ன, ரேகை நேராக ஓடுகிறதா, வளைந்து ஓடுகிறதா, தூக்கினால் கனக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வட இந்தியாவில் மிகுதியாகப் பயன்படும் ஷீஷம் அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. "வைரம் பாய்ந்த கட்டை, தாயி. அதன்மேல் வண்ணம் பூசியவனைச் சொல்ல வேண்டும்" என்றார்.

முதல் வேலை காலைச் சீர்செய்வது. இரும்பாணி அடிக்கக் கூடாது என்பது தாத்தாவின் உத்தரவு. ஆணி பொருத்தைப் பிளந்துவிடும். மெல்லிய மரச்சீவலை ஆப்பாக்கிப் பசை தடவி, தளர்ந்திருந்த துளைக்குள் இறுக்கினர். தாத்தாவின் காலத்தில் அந்தப் பசைக்கு வச்சிரம் என்று பெயர். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. இப்போது கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையே போதுமானதாக இருந்தது.

பூச்சை நீக்குவது அவ்வளவு எளிதன்று. பழைய வண்ணப் பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவுக்கு நாட்டில் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான். அந்தத் தூளை மூச்சில் இழுக்கலாகாது. எனவே மாடத்தில் வைத்து, முகமூடி அணிந்து, நீரில் நனைத்த தாளால் தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் வழித்தெடுத்தனர். கோடை விடுமுறையில் பதினொரு நாள்கள் இதற்கே சென்றன. பக்கத்து வீட்டார் முதல் மூன்று நாள் வேடிக்கை பார்த்தனர். பிறகு அவர்களுக்கும் சலித்துப்போயிற்று.

மரம் வெளிப்பட்டபின் உலர்ந்த தாளால் தேய்க்க வேண்டும். கடையில் அவள் 'ரேக்மால்' என்று கேட்டு வாங்கிய பொருளுக்குத் தாத்தா 'உப்புத்தாள்' என்று பெயர் சொன்னார். தொட்டுப் பார்த்தபோது பெயர்க்காரணம் அவளுக்கு விளங்கியது. 80, 120, 220 என்று எண் ஏற ஏறத் தாளின் மணல் நொய்ம்மையாகும். அவள் விருப்பம்போல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தந்தை எழுந்து வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தாளை ஒரு மரத்துண்டில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே நீளமாக இழுத்தார்; தூளை ஊதினார்; விரலின் பின்புறத்தால் தடவிப் பார்த்தார்; மீண்டும் இழுத்தார். அவர் இப்படி ஒரு வேலை செய்து அவள் கண்டதில்லை. அன்று மாலை தாத்தாவிடம் அதைச் சொன்னாள். "அவனுக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மெருகுக்கு அவலரக்கு வாங்கினர். புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பதே அரக்கு. சார்க்கண்டும் சத்தீசுகரும் அதனை மிகுதியாகத் தருகின்றன. இராஞ்சியில் 1924-ஆம் ஆண்டிலேயே அதற்கென ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அரக்கை உருக்கி, தகடாக இழுத்து, அவல்போல நொறுக்கினால் அவலரக்கு. கால் லிட்டர் ஸ்பிரிட்டில் ஐம்பது கிராம் இட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டினர். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் தாய் அதனை அடுப்படிப் பக்கமே வரவிடவில்லை. பாரதத்தின் அரக்கு மாளிகையை நினைவிற்கொண்டால் அவர் அஞ்சியது சரியே.

பஞ்சைத் துணியில் பொதிந்து முதல் பூச்சுப் பூசியபோது ரேகைகள் நனைந்த கூழாங்கல்போல் ஒளிர்ந்தன. இரண்டாம் பூச்சுப் பூசிய நாளில் மழை பெய்தது. மறுநாள் காலையில் மேசை முழுவதும் பால் தெளித்தாற்போல் வெண்மை படர்ந்திருந்தது. அவள் அழுதேவிட்டாள்.

"ஆடி மாதத்தில் எவராவது மெருகிடுவாரா?" என்று தாத்தா சிரித்தார். ஸ்பிரிட் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மீது படிந்து அரக்குக்குள் சிக்கிக்கொள்கிறது. காற்று உலரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேசைமேல் செய்தித்தாளை விரித்து, மூன்று மாதம் அவள் அதிலேயே வீட்டுப்பாடம் எழுதினாள். தசரா முடிந்தபின் ஒரு வெயில் நாளில் தந்தை ஸ்பிரிட் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்தார். வெண்மை மறைந்தது. மேலும் நான்கு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள்.

இரண்டாண்டு கழித்துக் குவகாத்திக்கு மாற்றல் வந்தது. கட்டிலோடு மேசையும் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் போபாலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தனர். அவர்களுடைய மகன் ஆறாம் வகுப்பு. வண்டியில் ஏற்றும்போது அவள் அவனை ஓரமாக அழைத்து, சூடான தேநீர்க் குவளையை அதன்மேல் வைக்கக் கூடாது, அரக்கு வெளுத்துவிடும் என்று இந்தியில் எடுத்துச் சொன்னாள். 'அரக்கு' என்ற சொல் மட்டும் தமிழிலேயே வந்துவிட்டது. அவன் தலையாட்டினான்.

அன்றிரவு தாத்தா விலையைக் கேட்கவில்லை.

"கால் ஆடவில்லையே?" என்றார்.

"ஆடவில்லை, தாத்தா."