ஓடிப்போய்ப் படி, ஓடிவந்து சொல்

பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கள் ஆறாம் வகுப்பில் ‘ரன்னிங் டிக்டேஷன்’ நடக்கும். மரியோ ரின்வொலூக்ரியும் பால் டேவிஸும் 1988இல் எழுதிய டிக்டேஷன் புத்தகத்தால் ஆங்கில ஆசிரியர்களிடையே பரவலான விளையாட்டு இது.

பாடத்திலிருந்து ஐந்தாறு வரிகளை வராண்டா சுவரில் ஒட்டிவிடுவேன். இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருத்தி ஓடிப்போய்ப் படித்து, மனதில் வாங்கிக்கொண்டு வந்து சொல்ல வேண்டும். மற்றவள் எழுதுவாள். பாதியில் இடம் மாறிக்கொள்ளலாம். ஓட முடியாத பிள்ளைக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒரு தாள்.

வகுப்பில் வாயே திறக்காத பெண் நேற்று மூச்சிரைக்க வந்து, “யெஸ்டர்டே வீ வென்ட் டு த மார்க்கெட்” என்றாள். தோழி ‘கோ’ என்று எழுதிவிட்டாள். “வென்ட்டுடி! நேத்து நடந்ததுல்ல!” என்று அதட்டிவிட்டு, ஸ்பெல்லிங் பார்க்கத் திரும்பவும் ஓடினாள். இறந்தகாலத்தை நான் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதிப்போட்டாலும் இந்த வேகம் வராது.

வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். முதலில் முடிப்பவர்களுக்கு இரண்டு, பிழையில்லாத ஒவ்வொரு வரிக்கும் மூன்று என்று வையுங்கள். அப்போதுதான் நிதானமாக எழுதுகிற பிள்ளையும் ஜெயிக்கும். சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.