மூன்றாவது சிலிண்டர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நாட்களில், சித்தப்பாவின் ஷெட்டுக்குப் புல்லட்டுகளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வண்டி ஓடினால்தான் காற்று, நின்றால் இன்ஜின் வெந்துபோகும். ஃபின்களுக்கு நடுவே சேறும் நிலக்கரித் தூசியும் அப்பியிருந்தால் இன்னும் சீக்கிரம். பிளேடால் சுரண்டியபடியே, "இது அழகுக்கு வச்சது இல்லடா, இதான் அதுக்கு மூக்கு" என்பார். திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வந்த பிறகு எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இது பாலபாடம்.

அவர் மகன், என் அண்ணன், ஆஸ்திரேலியாவில் வீட்டு கராஜிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினான். ஐந்து வருடம். லைகாமிங் இன்ஜின், நான்கு சிலிண்டர், இதுவும் காற்றில் ஆறுவதுதான். முன்னால் உள்ள இரண்டு துவாரங்களில் நுழையும் காற்று இன்ஜினுக்கு மேலே தேங்கி, ஃபின்கள் வழியாக இறங்கி, அடியில் வெளியேற வேண்டும். மேலே அழுத்தம் அதிகம், கீழே குறைவு. அந்த வித்தியாசம்தான் காற்றைத் தள்ளுகிறது. அதற்காகவே சுற்றிலும் அலுமினியத் தகடுகள், மூடியோடு உரசும் ரப்பர் பட்டைகள். எங்காவது ஒரு சந்து கிடைத்தால் காற்று ஃபின்னை விட்டுவிட்டு அந்த வழியாகப் போய்விடும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி.

முதல் சில பயணங்களில், மேலேறும்போது மூன்று சிலிண்டர்கள் 190 டிகிரி செல்சியஸ் பக்கம் நின்றன. வலப்பக்கம் பின்னால் இருக்கும் மூன்றாவது மட்டும் 230-ஐத் தாண்டியது. உச்ச வரம்பு 260. சூடேற ஏற அலுமினியம் வலு இழக்கும். இருப்பதோ ஒரே இன்ஜின், கீழே யூகலிப்டஸ் காடு. சரியாகும்வரை பறக்கக்கூடாது என்று அண்ணி சொல்லிவிட்டார்.

வீடியோ காலில் சித்தப்பா கேட்டார். "தகட்டுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல எவ்ளோ கேப் வுட்ட?"

"ஒட்டி வச்சிருக்கேன் நைனா. காத்து லீக் ஆவக்கூடாதுல்ல."

"அப்ப அது எது வழியா மூச்சு வுடும்?"

அந்த இன்ஜினில் மூன்றாவது சிலிண்டரின் பின்பக்கமும் இரண்டாவதன் முன்பக்கமும் ஃபின்கள் ஆழம் குறைந்தவை. தகட்டை அங்கே இறுக்கி ஒட்டினால் இருக்கிற வழியும் அடைபடும். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களிடம் இதற்குப் பழைய வைத்தியம் உண்டு: நடுவே ஒரு வாஷர். அவ்வளவுதான். அண்ணன் போட்டான், 15 டிகிரி இறங்கியது. பிறகு முன்சிலிண்டர்களுக்கு எதிரே இருந்த தடுப்புத் தகட்டை உயரம் மாற்றி மாற்றிப் பார்த்தான். அங்கே கூட்டினால் இங்கே குறையும், இங்கே குறைத்தால் அங்கே ஏறும். இரண்டு மாதம் இப்படியே போனது. நான்கும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று அலைவது வீண் வேலை என்பது என் கருத்து. மிகச் சூடானது வரம்புக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் கணக்கு. அண்ணன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

மூன்றாவது இப்போது 205. போன மாதம் அண்ணி முதல்முறையாகப் பக்கத்து இருக்கையில் ஏறினார். வானத்தில் எடுத்த படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார், பின்னால் கடல். சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தின் மூலையில் தெரிந்த மீட்டரைப் பெரிதாக்கினார்.

"நாலாவது கொஞ்சம் ஏறிக்கீது பாரு. அவனுக்குப் போன் போடு."