கொல்லைக் கிழங்கு கற்பித்த பாடம்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கிழங்கு என்றால் மரவள்ளிதான். குச்சியை ஊன்றிவிட்டால் கிழங்கு தரும் அப்பயிரைக் கண்டு பழகிய எங்களுக்கு உருளைக்கிழங்கும் அவ்வளவு எளிதென்றே தோன்றியது. கருணாபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அதனைப் பயிரிட முனைந்தோம்.

அம்முயற்சிக்கு வேறொரு காரணமும் உண்டு. 2024 ஜூன் திங்களில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தி இப்பகுதியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் எங்கள் கருணாபுரத்தினர். அதன்பின் எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னாலே கேட்பவர் முகம் மாறியது. தந்தையை இழந்த எதிர்வீட்டுச் சிறுவன் பள்ளி விட்டு வந்ததும் திண்ணையில் பேச்சற்று அமர்ந்திருப்பான். அவன் கைகளுக்கு ஒரு வேலை தர எண்ணினோம்.

நவம்பர் தொடக்கத்தில், சமையற்கட்டுக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த கிழங்குகளைத் துண்டுக்கு இரண்டு கண்ணேனும் இருக்குமாறு அவனோடு சேர்ந்து அரிந்தோம். வெட்டுவாய் உலர இரண்டு நாள் நிழலில் வைத்து, 20 துண்டுகளை முக்காலடி இடைவெளியில் நட்டோம். தக்காளியும் கத்தரியும் நின்ற இடத்தைத் தவிர்த்தோம். உருளையும் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அவற்றைத் தாக்கும் வாடல் நோய் மண்ணில் தங்கி இதனையும் தாக்கும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது. பாத்தியில் நின்ற நீரில் 9 செடிகள் அழுகின. மேட்டுப்பாத்தி அமைக்காதது எங்கள் முதற்பிழை. எஞ்சிய 11 செடிகளுக்குக் காலத்தே மண் அணைக்காதது இரண்டாம் பிழை. மரவள்ளியில் நாம் உண்பது வேர். உருளையில் உண்பதோ மண்ணுக்குள் பருத்த தண்டு. அது நட்ட துண்டுக்கு மேலாகவே திரள்வதால், செடி வளர வளர அடியில் மண்ணைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும். அதற்குக் குளிர்ந்த இரவுகளும் வேண்டும். நீலகிரியில் செழிக்கும் அப்பயிர் நம் சமவெளியில் மார்கழி, தைப் பனியை நம்பியிருப்பது அதனாலேயே.

தை இறுதியில் தோண்டினோம். நட்டது ஏறத்தாழ 600 கிராம். கிடைத்தது 1 கிலோ 400 கிராம். சிறுவன் ஒவ்வொன்றாக மண்ணைத் துடைத்து அடுக்கினான். மண் மூடாமல் வெயில் பட்டுப் பச்சை பூத்திருந்த நான்கை மட்டும் நாங்கள் ஒதுக்கினோம்.

"மாமா, இதுவும் கிழங்குதானே? ஏன் தூக்கிப் போடுறீங்க?"

அதில் சோலனைன் என்னும் நஞ்சு கூடியிருக்கும் என்றும், வேக வைத்தாலும் அது போகாதென்றும் விளக்கினோம். சற்று நேரம் அதையே பார்த்திருந்தவன், "இதுலயாவது பச்சையாத் தெரியுது மாமா" என்றான். மேலே அவன் பேசவில்லை, எங்களுக்கும் சொல்லெழவில்லை.

ஒரு முஸ்லிம் பயிரிட்டதைப் பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தருமமாகும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நம் கல்லூரி மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்று மாலை எதிர்வீட்டு அடுப்பில் அக்கிழங்கு வெந்த மணம் தெருவுக்கு வந்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று.

மாணவச் செல்வங்களே! கண்ணுக்குத் தெரியும் நஞ்சை ஒதுக்க ஒரு சிறுவனாலும் இயலும். தெரியாத நஞ்சை அவன் வீட்டு வாசலுக்கு வரவிடாமல் தடுப்பது கற்றவராகிய நம் கடன். வரும் ஐப்பசியில் அவன் தன் வீட்டு வாசலிலேயே ஒரு சாக்கில் மண் நிரப்பிக் கிழங்கு நடவிருக்கிறான். இம்முறை மண் அணைக்க மறக்கமாட்டோம்.