சவரக் கிண்ணம்

ஆண்மகன் ஒருவன் தன் வாழ்நாளில் எத்தனை முறை முகம் மழித்துக் கொள்கின்றான் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 20 வயதில் தொடங்கி 70 வயது வரை நாள்தோறும் மழிப்பவர் 18,000 முறைக்கு மேல் கண்ணாடியின் முன் நிற்கின்றார். இத்துணை முறை செய்யும் ஒரு பணியை முறையாகக் கற்றுக் கொடுப்பார் யாருமில்லை. மீசை அரும்பும் வயதில் தந்தை ஒரு நாள் அருகில் நின்று சொல்லிக் கொடுத்தால் உண்டு. இல்லையேல் பையன் தன் கன்னத்தைத் தானே கீறிக் கற்றுக் கொள்ள வேண்டியதுதான். பிறருடைய முகத்தை மழிப்பதோ முடிதிருத்தும் தொழிலாளியின் வேலை என்று விட்டுவிடுகின்றோம். ஆனால் வீட்டில் முதியவர் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் அந்த வேலை பிள்ளைகளின் கைக்கு வந்து சேருகின்றது. நம் இல்லத்திற்கு அது 2009ஆம் ஆண்டில் வந்தது.

நம் தந்தையார் தொடக்கப் பள்ளி ஆசிரியர். வேலையில் அமர்ந்த 1962ஆம் ஆண்டில் வாங்கிய சவரச் சாமான்களை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மூன்று துண்டுகளாகக் கழன்று வரும் ரேசர், நைலான் மயிர் வைத்த பிரஷ், விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் கிண்ணம், ஒரு வட்டச் சோப்பு, ஒரு படிகாரக் கட்டி, இவ்வளவுதான். திண்ணைச் சுவரில் அடித்த ஆணியில் கண்ணாடியை மாட்டி, கிழக்கு வெளிச்சம் முகத்தில் விழும்படி முக்காலியில் அமர்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பூசைக்கு மணி அடிக்குமுன் இந்தக் கிரியை முடிந்திருக்கும்.

நம்முடையது கடற்கரை ஊர். கிணற்றுத் தண்ணீரில் உப்பு மிகுதி. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் கூடித் திரிதிரியாகத் திரிந்துவிடும். ஆகவே குடிப்பதற்கென்று அம்மா தூரத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் ஒரு தம்ளர் அப்பாவின் சவரக் கிண்ணத்திற்குப் போகும். இதனைக் குறித்து அம்மா ஒருபோதும் முணுமுணுக்கத் தவறியதில்லை. ஒருபோதும் கொடுக்காமல் இருந்ததுமில்லை.

சிக்கனத்தில் அப்பா கடுமையானவர். பாரத் பிளேடோ டோபாஸ் பிளேடோ, ஒன்று ஒரு வாரம் வர வேண்டும். நான்காம் நாள் முனை மழுங்கினால் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் வைத்து விரலால் இப்படியும் அப்படியும் தேய்ப்பார். அதன்பின் அந்தப் பிளேடு தையல் பிரிக்க அம்மாவிடமும், பென்சில் சீவ நம்மிடமும் வரும். முகத்திற்கு ஒரு வாரம் உழைத்தது வீட்டிற்குப் பல வாரம் உழைக்கும்.

இந்தச் சிக்கனத்தைக் கண்டால் அதனைக் கண்டுபிடித்தவர் மிகவும் வருந்தியிருப்பார். கிங் கேம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர் புட்டி மூடி விற்பனையாளராக இருந்தவர். ஒரு முறை பயன்படுத்தி எறிந்துவிடக் கூடிய பொருளைச் செய்தால் வாங்கியவர் மீண்டும் மீண்டும் வருவார் என்று அவருடைய முதலாளி அறிவுரை கூறியிருந்தார். மழுங்கிய சவரக் கத்தியோடு 1895ஆம் ஆண்டில் ஒரு காலை கண்ணாடி முன் நின்றபோது அந்தப் பொருள் ஜில்லெட்டுக்குப் புலப்பட்டது: மெல்லிய எஃகுத் தகட்டில் இருபுறமும் முனை தீட்டி, இரு தகடுகளுக்கிடையே இறுக்கிப் பிடித்தால் போதும்! முனைக்குக் காவல் வைத்த ரேசர்கள் அதற்கு முன்பே இருந்தன. தீட்ட வேண்டாத, எறிந்துவிடத்தக்க பிளேடுதான் புதிது. அவ்வளவு மெல்லிய தகட்டை உறுதிப்படுத்த இயலாது என்று எஃகு அறிந்தவர்கள் கைவிரித்தனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற வில்லியம் நிக்கர்சன் என்பவரே அதற்கு வழி கண்டார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்கென 35 இலட்சம் ரேசர்களை வாங்கிற்று. முடிதிருத்துபவரிடம் கன்னத்தை ஒப்படைத்துப் பழகியவர்கள் பலர், தாமே மழித்துக் கொள்ளப் பழகி ஊர் திரும்பினர்.

பிரஷ் அதே போரில் பொல்லாத பெயர் எடுத்தது. நல்ல பிரஷ் செய்யும் வளைக்கரடி மயிர் கிடைப்பது அரிதாகவே, குதிரை மயிரை வைத்துச் செய்து மலிவாக விற்றனர். கிருமி நீக்காத அந்த மயிர் வழியாக ஆந்த்ராக்ஸ் என்னும் கொடு நோய் சவரக் கீறல்களில் புகுந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல உயிர்களைக் கொண்டு போயிற்று. இன்று அந்த அச்சமில்லை. ஆயினும் ஒருவர் பிளேடை மற்றொருவர் எடுக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியில் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கக் கூடும். உடன்பிறந்தாரே ஆனாலும் இதில் தாட்சணியம் வேண்டாம்.

பக்கவாதம் அப்பாவின் வலப்பக்கத்தை எடுத்துக் கொண்டது. பேச்சையும் எடுத்துக் கொண்டது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டிற்கு வந்தபோது முகம் முழுவதும் வெண்தாடி மண்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் கட்டிலருகே நின்றுகொண்டு, "சாப்பிடுகின்றாரா? தூங்குகின்றாரா? ஆளை அடையாளம் தெரிகின்றதா?" என்று நம்மிடமே கேட்டனர். அவரிடம் யாரும் ஒரு சொல் பேசவில்லை. அவரோ ஒவ்வொருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்திருந்தமையால் மின்சாரச் சவரக் கருவியே நல்லது என்றனர். அப்படிப்பட்டவர்களுக்கு அதுவே பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் நீண்டுவிட்ட தாடியையும் மடிப்பு விழுந்த கழுத்தையும் அது கவ்விக் கவ்வி இழுத்தது. அப்பா இடக்கையால் அதனைத் தள்ளிவிட்டார். மருத்துவரிடம் சொன்னோம். "பழகிய கை என்றால் ரேசரே வைத்துக் கொள்ளுங்கள், அழுத்தக் கூடாது, இரத்தம் நிற்காவிடில் உடனே வாருங்கள்" என்று ஒப்புதல் அளித்தார்.

பழகிய கைக்கு எங்கே போவது? அப்பாவுக்குப் பல ஆண்டுகளாக முடி வெட்டி வந்த பெரியவர் ஒருவர் வீட்டிற்கே வந்தார். முதல் நாள் அவரே மழித்தார். நாள்தோறும் வர அவருக்கு இயலாதாகையால் நமக்குக் கற்பித்தார். "தம்பி, வெட்டுகிறது பிளேடோட வேலை. நீங்க வெட்டாதீங்க" என்பதே அவருடைய முதல் பாடம். ரேசரின் பாரமே போதும். தோலோடு ஏறக்குறைய 30 பாகை சாய்வில் வைத்து, அங்குல நீளத்திற்கு மேல் போகாமல் இழுக்க வேண்டும். கை நகருமுன் மற்றக் கையின் விரல்கள் தோலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பல் செட்டைக் கழற்றக் கூடாது. கழற்றினால் கன்னம் குழிந்து பிளேடு தடுமாறும். தலைமாட்டை நன்றாக உயர்த்த வேண்டும். உணர்வுள்ள பக்கத்தில் தொடங்க வேண்டும். பிளேடு இழுத்தால் அந்தப் பக்கம் முகம் சுளித்துச் சொல்லும். உணர்வற்ற பக்கம் சொல்லாது. இது அவர் எங்கும் படித்துத் தெரிந்துகொண்டதன்று.

எல்லாவற்றிலும் அவர் வற்புறுத்தியது நனைத்தலை. வெந்நீரில் பிழிந்த துண்டை ஐந்து நிமிடம் முகத்தில் போர்த்தச் சொன்னார். மயிர் நீரை உறிஞ்சி இளகும். காய்ந்த மயிர் பிளேடையே கெடுத்துவிடும் என்றார். மயிராவது எஃகைக் கெடுப்பதாவது என்று அன்று எண்ணினோம். அதே மாசசூசெட்ஸ் கழகத்தார் 2020ஆம் ஆண்டில் நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்து, எஃகைவிட 50 மடங்கு மென்மையான மயிர் ஒன்று, வளைந்து நிற்கும் கோணத்தில், பிளேடின் முனையில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுவதைக் கண்டறிந்தனர். செய்தியைப் படித்தபோது அந்தப் பெரியவர் உயிரோடில்லை.

பிரஷ் தொட்டவுடன் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் சோப்பைக் குழைத்துக் குழைத்து, நுரை தயிர்போல் கெட்டிப்பட்ட பின், இடக்கன்னத்தில் பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றினோம். அப்பா கண்களை மூடிக் கொண்டார். பிறகு தாமாகவே நாக்கால் உட்கன்னத்தை முட்டி உப்பிக் காட்டினார்! சோற்றை விழுங்கு என்றால் விளங்காமல் விழித்தவர், கையை உயர்த்து என்றால் நம்மையே பார்த்துக் கொண்டிருந்தவர், திண்ணையில் 47 ஆண்டுகள் செய்ததை மறக்கவில்லை. மேலுதட்டுக்கு வந்தபோது உதட்டைப் பற்களின் மேல் இழுத்துக் கொண்டார். வலப்பக்கம் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. அங்கே நம் விரல்கள் அவருடைய நாக்கின் வேலையைச் செய்தன.

அன்று மாலை பழைய மாணவர் ஒருவர் வந்தார். வாசலைக் கடந்தவுடன், "சார், வணக்கம்" என்று கைகூப்பிவிட்டுக் கட்டிலருகே அமர்ந்து, தம் மகள் பள்ளியிறுதித் தேர்வில் பெற்ற மதிப்பெண்களை அப்பாவிடமே சொல்லிக் கொண்டிருந்தார். தாடி போனது ஒன்றே வேறுபாடு. அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முறை வைத்துக் கொண்டோம். முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்குக் குரு நற்கருணை கொண்டு வருவார். அதற்கு முந்திய மாலை தவறாமல் மழித்தாக வேண்டும். அம்மா சொல்லாமலே வெந்நீர் வைத்துவிடுவார். அந்நாட்களில் வீட்டிற்குக் குழாய்த் தண்ணீர் வந்திருந்தது. ஆயினும் சவரக் கிண்ணத்திற்குக் குடிதண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுத்தார்.

ஒவ்வொரு முறைக்கும் ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். பதினான்கு திங்களில் இருநூறு முறையாவது இருக்கும். பள்ளிப் பருவத்திற்குப் பின் அப்பாவோடு அத்துணை நேரம் முகத்தோடு முகம் வைத்து நாம் அமர்ந்ததில்லை. இடப்புருவத்தின் கீழ் ஒரு பழந்தழும்பு இருப்பதை அப்போதுதான் கண்டோம். எப்படி வந்தது என்று கேட்டோம். அவர் பதில் சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

புதிய பிளேடை எடுக்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் சற்றே மாறும். வாரம் முடியுமுன் மாற்றுகின்றானே என்னும் கணக்காக இருக்கலாம். முதியவர் தோலுக்கு இரண்டு மூன்று சவரத்திற்கு மேல் ஒரு பிளேடு ஆகாது என்பது பெரியவர் கட்டளை. பழைய பிளேடுகளை மூடியில் கீறல் போட்ட ஒரு பால்மாவு டின்னில் சேர்த்தோம். குப்பையோடு குப்பையாகப் போடும் வீடுகளை நாம் அறிவோம்; அக்குப்பையைக் கையால் அள்ளுகின்றவர்களை எண்ணினால் அப்படிப் போட மனம் வராது.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பின்னிரவில் அப்பா இறந்தார். விடிந்தபோது தாடி வளர்ந்திருப்பதாகத் தோன்றியது. "செத்த பின்னும் மயிர் வளரும்" என்றார் ஓர் உறவினர். அது உண்மையன்று, தோல் வறண்டு பின்வாங்குவதால் ஏற்கெனவே இருக்கும் முனைகள் வெளியே தெரிகின்றன. பிரேதத்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் தாங்களே மழித்துவிடுவதாகக் கூறினர். வேண்டாமென்றோம். அம்மா வழக்கம் போல் வெந்நீர் வைத்தார். துண்டைப் போர்த்தி, நுரை குழைத்து, இடக்கன்னத்தில் தொடங்கினோம். இரண்டு கன்னங்களும் அன்று ஒன்று போலிருந்தன. இரண்டிலும் விரல்களே வேண்டியிருந்தன.

அந்த ரேசர் இப்போது தம்பியிடம் இருக்கின்றது. முலாம் சில இடங்களில் போய்ப் பித்தளை தெரிகின்றது. மரை மட்டும் தேயவில்லை. ஐந்து பிளேடு வைத்த ரேசரை ஊருக்குப் போகும்போது எடுத்துச் செல்வார், வீட்டில் இதுதான். பிளேடு எங்கே கிடைக்கின்றது என்று கேட்டோம். தெருமுனை மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றதாம். பிரஷ் மயிர் கொட்டிப் போயிற்று. கிண்ணத்தை அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை.