நாமக்கல்லில் பிரகலாத தரிசனம்

சேலத்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் பயணம் செய்தால், சமவெளியின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் நாமகிரி மலையைக் காணலாம். உச்சியில் பழைய கோட்டை; மேற்கு அடிவாரத்தில் நரசிம்மருக்கும் கிழக்கே அரங்கநாதருக்கும் பாறையைக் குடைந்து எடுத்த கோயில்கள். இவை அதியர் மரபினர் கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் அமைத்தவை என்பர். மேற்கூரையின்றி வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் 18 அடி உயர ஆஞ்சநேயரை வணங்கி, நாமகிரித் தாயாரைச் சேவித்து, நரசிம்மர் சன்னிதியை அடைந்தோம்.

மூலவர் அமர்ந்த திருக்கோலத்தில் அமைதியாக எழுந்தருளியிருக்கிறார். குடைவரையின் பக்கச் சுவர்களில் இரணிய வதம், வராகர், திரிவிக்கிரமர் முதலிய சிற்பங்கள் உள்ளன. இரணிய வதத்தைக் காண்போர் அசுரன் அழிந்ததை எண்ணி மகிழ்வர். என் மனமோ பிரகலாதனையே நினைத்தது. யானையின் காலில் இடறவும், நஞ்சூட்டவும், மலையிலிருந்து உருட்டவும் பெற்ற தந்தையே ஆணையிட்டால், அந்தப் பிஞ்சு உள்ளம் என்ன பாடு பட்டிருக்கும்!

அடித்தவர் மறைந்தாலும் அடிபட்ட குழந்தையின் அச்சம் மறைவதில்லை. இதை நான் அனுபவத்தில் அறிவேன். என் தந்தையார் மதுவுக்கு அடிமையானவர். இரவில் அவருடைய மிதிவண்டியின் ஓசை கேட்டாலே நானும் தங்கையும் சமையலறைக் கதவின் பின்னால் ஒளிந்துகொள்வோம். வாடகை கொடுக்க இயலாமல் ஆறு ஆண்டுகளில் ஐந்து வீடுகள் மாறினோம். வங்கியில் அதிகாரியான பின்னரும், யாரேனும் குரலை உயர்த்தினால் என் கைகள் நடுங்கும். ஆண்டுதோறும் தந்தைக்குத் திதி கொடுக்கும்போது வாய் மந்திரம் சொல்லும், மனம் கசக்கும்.

பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தம் எனக்கு வழி காட்டியது. இரணியன் மாண்ட பின்னும் நரசிம்மரின் சினம் தணியவில்லை. தேவர்களும் திருமகளும்கூட நெருங்க அஞ்சினர். பிரமன் சொற்படி அருகே சென்று வணங்கிய பாலகனை எம்பெருமான் எடுத்து நிறுத்தி, அவன் தலைமீது தம் திருக்கரத்தை வைத்தார். அதன் பின்னரே வரம் பற்றிய பேச்சு. அப்போது பிரகலாதன், தன் தந்தை பாவம் நீங்கித் தூய்மை பெற வேண்டும் என்று வேண்டினான். தந்தை செய்தது நியாயம் என்று அவன் கூறவில்லை. முதலில் அபயம் கிட்டியது. மன்னிப்பு அதன்பின் தானே மலர்ந்தது. தந்தைக்குரிய ஈமக்கடன்களையும் முறைப்படி செய்து முடித்தான்.

எனக்கு அந்த அபயம் இல்லாளின் பொறுமையாகவும், ஒரு மனநல மருத்துவரின் கனிவாகவும் வந்தது. மருத்துவரை நாடியதில் எனக்கு வெட்கமில்லை. நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. இப்போது திதி நாளில் தந்தையாருக்காக மனமாரப் பிரார்த்திக்க முடிகிறது.

அதே குடைவரையில் உள்ள திரிவிக்கிரமரை மீண்டும் சேவித்தேன். அப்பெருமானிடம் மூவுலகையும் இழந்த மாவலி, பிரகலாதனின் பேரன் அல்லவா? பேரன் கட்டுண்டு நின்ற வேளையில் அருகே வந்து நின்றவர் பாட்டனாராகிவிட்ட பிரகலாதர். சுதலலோகத்துக்கும் அவனுடன் சென்றார். அன்று நடுங்கியிருக்க வேண்டிய குழந்தை, முதுமையில் ஒரு குடும்பத்துக்கே நிழலாயிற்று.

நம் இல்லங்களிலும் அஞ்சி ஒடுங்கும் குழந்தைகள் இருக்கக்கூடும். “அப்பாதானே, பொறுத்துக்கொள்” என்று தாத்தா பாட்டிகளாகிய நாம் சொல்ல வேண்டாம். முதலில் அக்குழந்தையை அருகழைத்து, தலைமீது கை வைப்போம். நாமக்கல் செல்லும் அன்பர்கள் நரசிம்மரைச் சேவிக்கையில் அத்தகைய குழந்தைகளுக்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்ளுங்கள்.